மாலிப்டினம், டங்ஸ்டன், டான்டலம்: உருகாமலே கெடும் உலோகங்களுக்கு அறிகுறி வாரியான பிழை நீக்கும் வழிமுறை

உருகுநிலைப் பட்டியலை எடுத்துப் பார்த்தால் டங்ஸ்டனுக்கு 3422 டிகிரி செல்சியஸ், ரீனியத்துக்கு 3186, டான்டலத்துக்கு 3017, மாலிப்டினத்துக்கு 2623, நியோபியத்துக்கு 2477 என்று இருக்கும். 1200 டிகிரியில் ஓடும் உலைக்குள் இவற்றில் எதுவுமே கெட வாய்ப்பில்லை என்றுதான் அந்தப் பட்டியல் நம்மை நினைக்க வைக்கிறது. ஆனால் திருவொற்றியூர், மணலி, வியாசர்பாடி, மாதவரம் பக்கம் வெற்றிட உலை வைத்து ஹீட் ட்ரீட்மென்டும் பிரேசிங்கும் (நிரப்பு உலோகத்தை உருக்கி இணைக்கும் வேலை) செய்பவர்கள் எவரைக் கேட்டாலும், தொய்ந்துபோன தாங்கு ரெயிலையும், தொட்டதும் உடைந்த சூடேற்றும் எலிமென்டையும், ஓட்டை விழுந்த வெப்பத்தடுப்பு ஷீல்டு தகட்டையும் பற்றிச் சொல்ல அவர்களிடம் செய்தி இருக்கும். அந்தப் பழுதுகளில் உலோகம் தன் சொந்த உருகுநிலையைத் தொட்டுக் கெட்டது என்று சொல்லத்தக்கது அநேகமாக ஒன்றும் இராது.

இவை கெடும் வழிகள் வேறு. சுமையைத் தாங்கிக்கொண்டே மெல்ல நெளிந்துபோகலாம். உள்ளிருக்கும் படிகமணிகள் (உலோகம் கட்டப்பட்டிருக்கும் நுண்ணிய படிகங்கள்) உருமாறி நொறுங்கும் தன்மை வந்துவிடலாம். ஏதாவது ஒரு வாயு மேற்பரப்பைத் தின்றுவிடலாம் அல்லது உள்ளே புகுந்துவிடலாம். பக்கத்தில் தொட்டுக்கொண்டிருக்கும் பொருளோடு கலந்து, இரண்டின் உருகுநிலைக்கும் கீழான சூட்டிலேயே உருகலாம். எது நடந்தது என்பதை அறியாமல் புதுத் துண்டை மாட்டினால் அதே பழுது அதே இடத்தில் திரும்ப வரும். மாலிப்டினம் விற்கும் விலையில் அது கட்டுப்படியாகாது.

கழற்றுவதற்கு முன்

உடைந்த துண்டைக் குப்பையில் போடக் கூடாது. எமரித் தாளால் தேய்த்துச் சுத்தம் செய்யவும் கூடாது. மேற்பரப்பின் நிறமும் உடைந்த முகத்தின் தோற்றமும்தான் முதல் சாட்சிகள், தேய்த்தால் இரண்டும் அழிந்துவிடும். நகை வேலை செய்பவர்கள் வைத்திருக்கும் பத்து மடங்கு லென்ஸ் இருந்தால் போதும். கடைசிச் சில ஓட்டங்களின் வெப்பநிலை, வெற்றிடப் பதிவுகளை எடுத்து வைத்துக்கொண்டு, துண்டு எப்போது உடைந்தது என்று இயக்கியவரிடம் கேட்க வேண்டும்.

அதற்கு வரும் பதில் பெரும்பாலும் இப்படி இருக்கும்: "அண்ணே, நைட்டு ஓடறப்போ ஒண்ணும் ஆகல. காலைல கதவைத் தொறந்து ஜாப்பை எடுக்கறப்போ லேசா இடிச்சுது, படக்குன்னு போயிடுச்சு." சூட்டில் சுமையைத் தாங்கி நின்ற துண்டு ஆறிய பிறகு உடைகிறதென்றால், சேதம் சூட்டிலேயே, பல ஓட்டங்களுக்கு முன்பே நேர்ந்துவிட்டது, அது வெளியே தெரிந்தது மட்டுமே காலையில். ஜாப்பை, அதாவது உலையில் வேலைக்கு வைத்த பொருளை, எடுத்தவர் மேல் பழியைப் போடுவது பட்டறை வழக்கமாக இருந்தாலும், இந்த இடத்தில் அது அநேகமாக அநியாயம்.

அறிகுறி: தாங்கு ரெயில் நடுவில் இறங்கியிருக்கிறது, எலிமென்ட் பட்டை தொய்ந்திருக்கிறது

ரெயிலின் மேல் ஸ்ட்ரெயிட் எட்ஜை வைத்து, ஃபீலர் கேஜால் இடைவெளியை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். இரு முனைகளிலிருந்தும் சீராக வளைந்து நடுவில் அதிகமாக இறங்கியிருந்தால் அது சுமையால் வந்த தொய்வு. பக்கவாட்டில் அலையலையாக நெளிந்திருந்தால் அது விரிவதற்கு இடமில்லாமல் வந்த நெளிவு; அதைப் பின்னால் தனியாகப் பார்க்கலாம்.

ஓர் உலோகம், கெல்வின் அளவில் தன் உருகுநிலையின் ஏறத்தாழப் பத்தில் நான்கு பங்கு வெப்பத்தைத் தாண்டியதும், முறிப்பதற்கு வேண்டிய சுமையில் சிறு பகுதியே அதன் மேல் இருந்தாலும், காலம் செல்லச் செல்ல நெளிந்துகொண்டே போகும். இதைத்தான் க்ரீப் என்கிறோம். மாலிப்டினத்தின் உருகுநிலை 2896 கெல்வின். அதில் பத்தில் நான்கு பங்கு 1158 கெல்வின், அதாவது சுமார் 885 டிகிரி செல்சியஸ். டங்ஸ்டனுக்கு இதே கணக்கு சுமார் 1205 டிகிரி வரும். ஆக, 1200 டிகிரி உலையில் மாலிப்டினம் க்ரீப் எல்லைக்குள் நன்றாகவே நுழைந்துவிடுகிறது, டங்ஸ்டன் வாசலில் நிற்கிறது. இந்தச் சூட்டில் அணுக்கள் வேகமாக இடம் மாறுவதால், படிகத்தினுள் இருக்கும் பிறழ்வுக் கோடுகள் (அணு வரிசை பிசகிய இடங்கள்) குளிரில் தாண்ட முடியாத தடைகளையெல்லாம் ஏறித் தாண்டுகின்றன. மணி எல்லைகளும் ஒன்றன் மேல் ஒன்று மெதுவாக வழுக்குகின்றன.

சரிசெய்யும் முன் உலையின் உண்மையான வெப்பநிலையைச் சோதிக்க வேண்டும். தெர்மோகப்பிள் நாள்பட்டு இறங்கிக் காட்டினால், திரையில் 1400 என்று இருக்கும்போது உள்ளே 1450 இருக்கலாம். மாலிப்டினத்தில் க்ரீப்பின் வெப்பச் சார்பை வைத்துக் கணக்கிட்டால், 1400 டிகிரியிலிருந்து 50 டிகிரி கூடுவதற்கே தொய்வின் வேகம் இரண்டு மடங்குக்கு மேல் உயரும். டங்ஸ்டன்-ரீனியம் கம்பிகளால் ஆன சி வகைத் தெர்மோகப்பிளை, ஆக்சிஜன் கசிவு உள்ள உலையில் மாட்டிவிட்டு அதன் அளவை நம்பவே கூடாது. எளிய சோதனை ஒன்று உண்டு: சிறு அலுமினா கிண்ணத்தில் நிக்கல் கம்பித் துண்டை வைத்து, 1455 டிகிரியைச் சிறிது சிறிதாக நெருங்கி, எந்த அளவில் உருகுகிறது என்று பார்க்கலாம். அந்த நிக்கல் எக்காரணம் கொண்டும் மாலிப்டினத்தைத் தொடக் கூடாது என்பதற்கான காரணம் கீழே வருகிறது.

வெப்பநிலை சரியாக இருந்தால், அடுத்துச் சுமை. இங்கேதான் மிகக் குறைந்த செலவில் மிகப் பெரிய பலன் கிடைக்கும் என்பது என் கருத்து. இரு முனைகளில் மட்டும் தாங்கப்பட்ட ரெயிலுக்கு நடுவில் இன்னொரு தாங்கியைக் கொடுத்தால், அதன் சொந்த எடையால் வரும் வளைவுத் தகைவு (ஓர் அலகுப் பரப்பின் மேல் விழும் விசை) நாலில் ஒன்றாகிறது. பிறழ்வுகள் வழியாக நடக்கும் க்ரீப்பின் வேகம் தகைவின் நான்காம், ஐந்தாம் அடுக்கைப் பின்பற்றுவதால், தகைவு நாலில் ஒன்றானால் வேகம் இருநூறு மடங்குக்கு மேல் குறைய இடமுண்டு. தகைவு மிகவும் குறைந்த நிலையில் அணுப்பரவலே க்ரீப்பை நடத்துவதால் பலன் அந்த அளவுக்கு இராது. இருந்தாலும் புது ரெயில் வாங்குவதற்கு முன் நடுத்தாங்கிக்கு இடமிருக்கிறதா என்று பார்ப்பதே முறை. பட்டையைப் படுக்க வைக்காமல் செங்குத்தாக நிறுத்தி வைத்தாலும் தொய்வு வெகுவாகக் குறையும். சில பட்டறைகளில் தொய்ந்த ரெயிலைத் திருப்பிப் போட்டு அடுத்த ஓட்டத்தில் நேராக்குகிறார்கள். ரெயில் இன்னும் நொறுங்கும் நிலைக்கு வராத வரையில் அது செல்லும்.

கடைசியாகத்தான் உலோகத்தை மாற்றுவது. தூய மாலிப்டினத்துக்குப் பதிலாக, அரை சதவீத டைட்டானியமும் 0.08 சதவீத சிர்கோனியமும் சிறிது கார்பனும் சேர்ந்த டி.இசட்.எம். கலவையைப் போடலாம்; நுண்ணிய கார்பைடு துகள்கள் பிறழ்வுகளைத் தடுத்து நிறுத்துகின்றன. இன்னும் மேலே போக வேண்டுமானால் லாந்தனம் ஆக்சைடு கலந்த மாலிப்டினம் இருக்கிறது. நேராக டங்ஸ்டனுக்குத் தாவுபவர்கள், அதன் அடர்த்தி 19.3, மாலிப்டினத்தின் அடர்த்தி 10.2 என்பதையும், ரெயிலின் எடை கிட்டத்தட்ட இரட்டிப்பாகும் என்பதையும் தாங்கிகளின் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

தொய்வுக்கு எதிரான பழைய வெற்றி பல்பு இழையில் கிடைத்தது. இழுத்து நீட்டத்தக்க டங்ஸ்டன் கம்பியை வில்லியம் கூலிட்ஜ் 1910 வாக்கில் உருவாக்கிய பிறகும் இழைகள் தொய்ந்துகொண்டே இருந்தன. அலடார் பாட்ஸ் 1922-இல் காப்புரிமை பெற்ற தொய்யாத டங்ஸ்டனின் ரகசியம், கம்பிக்குள் வரிசை வரிசையாகச் சிக்கிக்கொண்ட நுண்ணிய பொட்டாசியக் குமிழிகள் என்பது வெகு காலம் கழித்தே தெரியவந்தது. அந்தக் குமிழிகள் மணி எல்லைகளைக் குறுக்கே நகர விடாமல் பிடித்துவைப்பதால், மணிகள் கம்பியின் நீளவாக்கில் நீண்டு ஒன்றோடொன்று பின்னிக்கொள்கின்றன. இன்று உலை எலிமென்டுக்கு வாங்கும் பொட்டாசியம் கலந்த டங்ஸ்டன் கம்பியும் அதே வழியில் வந்ததுதான்.

அறிகுறி: ஆறிய பிறகு தொட்டால் உடைகிறது

உடைந்த முகத்தை லென்ஸில் பாருங்கள். உருட்டப்பட்ட புதுத் தகட்டின் முறிவு நார்நாராக, மங்கலாக இருக்கும். கற்கண்டை உடைத்த முகத்தைப் போல் தட்டையான பளபளக்கும் முகங்கள் தெரிந்தால், உலோகம் மறுபடிகமாகிவிட்டது, அதாவது பழைய மணிகள் மறைந்து புது மணிகள் வளர்ந்துவிட்டன என்று முடிவு செய்யலாம். அந்த ஒவ்வொரு முகமும் ஒரு படிகமணியின் எல்லை. விரிசல் மணிகளுக்கு ஊடே போகாமல் எல்லைகளின் வழியே ஓடியிருக்கிறது.

மாலிப்டினமும் டங்ஸ்டனும் குளிரில் நொறுங்கும், சூட்டில் வளையும். இரண்டுக்கும் இடையிலான மாற்ற வெப்பநிலை, நன்றாக உருட்டப்பட்ட மாலிப்டினத் தகட்டுக்கு அறை வெப்பநிலையை ஒட்டியோ அதற்குக் கீழோ இருக்கும். டங்ஸ்டனுக்குப் பொதுவாக 200 முதல் 400 டிகிரி வரை. மாலிப்டினத்தை அறை வெப்பநிலையில் வளையத்தக்கதாக வைத்திருப்பது, உருட்டும்போது உண்டான நீண்ட, நசுங்கிய மணிகள்தான். தூய மாலிப்டினம் 1000 முதல் 1200 டிகிரி வரையிலான சூட்டில் சில மணி நேரம் இருந்தாலே அந்த மணிகள் மறைந்து, அவற்றின் இடத்தில் பருத்த புது மணிகள் வளர்ந்துவிடும். எல்லைகளின் மொத்தப் பரப்பு குறைவதால், ஆக்சிஜன் போன்ற மாசுகள் எஞ்சிய எல்லைகளில் செறிந்து அவற்றை மேலும் பலவீனப்படுத்துகின்றன. மாற்ற வெப்பநிலை அறை வெப்பநிலைக்கு மேலே ஏறிவிடுகிறது. எனவே உலை ஓடும்போது துண்டு நன்றாகவே இருக்கும், ஆறினால் கண்ணாடிதான்.

இதற்கு வைத்தியம் கிடையாது. மறுபடிகமான தகட்டை எந்தச் சூட்டுப்பதமும் பழைய நிலைக்குக் கொண்டுவராது. மீண்டும் உருட்டினால்தான் உண்டு, அது பட்டறையில் நடக்கிற காரியமல்ல. ஆனால் நொறுங்கும் துண்டு எல்லாமே மாற்ற வேண்டிய துண்டு ஆகாது. மறுபடிகமான எலிமென்ட், குளிர்ந்த நிலையில் யாரும் வளைக்காமலும் இடிக்காமலும் இருக்கும் வரை, வேலை செய்துகொண்டே இருக்கும். ஆகவே முதல் சில ஓட்டங்களுக்குப் பிறகு எலிமென்ட் போல்ட்டுகளை மீண்டும் இறுக்கக் கூடாது. ஜாப் ஏற்றும் வண்டிக்கும் எலிமென்டுக்கும் இடையே தடுப்புக் கம்பி ஒன்றை வைக்க வேண்டும். எலிமென்டைக் கழற்றியே ஆக வேண்டுமென்றால் அது உடையும் என்று வைத்துக்கொண்டு மாற்றுத் துண்டைக் கையில் வைத்த பிறகே கைவைக்க வேண்டும். அடிக்கடி கை படும் ஃபிக்ஸர்களுக்கு (ஜாப்பைப் பிடித்து வைக்கும் அமைப்புகளுக்கு) மட்டும், சுமார் 1300 டிகிரிக்கு மேல்தான் மறுபடிகமாகும் டி.இசட்.எம். அல்லது லாந்தனம் கலந்த வகையைப் போடுவது செலவுக்குத் தகும். பாரிமுனைப் பக்கத்துக் கடைகளில் "மாலி தகடு" என்று மட்டும் கேட்டு வாங்கினால் தூய மாலிப்டினமே வரும். தரச் சான்றிதழில் கலவையைப் பார்த்து வாங்க வேண்டும்.

பளபளப்பான முகங்களுக்குப் பதிலாக, தகடு புத்தகம் விரிவதுபோல ஏடேடாகப் பிரிந்திருந்தால் அது வேறு நோய். அரை மில்லிமீட்டருக்கு மேல் தடித்த மாலிப்டினத் தகட்டைக் குளிரிலேயே ஷியரிங் மெஷினில் வெட்டினால் ஓரத்தில் ஏடு பிரியும். அதைச் சூடாக்கி வெட்ட வேண்டும். டங்ஸ்டன் தகட்டை வளைப்பதற்குச் செந்நிறச் சூடே வேண்டும்.

அறிகுறி: எலிமென்ட் மெலிந்திருக்கிறது, குளிர்ந்த சுவரில் படிவு இருக்கிறது

மாலிப்டினம் சுமார் 400 டிகிரியிலிருந்தே காற்றில் தெளிவாக ஆக்சைடாகத் தொடங்கும். முதலில் வைக்கோல் நிறம், பிறகு நீலம், ஊதா. 700 டிகிரியைத் தாண்டினால் அதன் ட்ரை ஆக்சைடு வெண்புகையாக வேகமாக ஆவியாகிறது. 795 டிகிரியில் அந்த ஆக்சைடே உருகிவிடும். இரும்பைப் போலத் துருப்படலம் மேலே தங்கிக் கொஞ்சமாவது தடுக்கும் என்ற பேச்சு இங்கே இல்லை, ஏனென்றால் உண்டாகும் படலம் உண்டானவுடன் பறந்துபோகிறது. குளிர்ந்த சுவரில் வெளிர்மஞ்சள் அல்லது வெள்ளை ஊசிகள் படிந்திருந்தால், அவை எலிமென்டிலிருந்து காணாமல்போன உலோகம். டங்ஸ்டனானால் ஆக்சைடு மஞ்சளாக இருக்கும், அது ஆவியாவதற்கு இன்னும் அதிகச் சூடு வேண்டும். இந்தப் படிவுகளை ஊதித் தள்ளாமல், முகமூடி அணிந்து ஈரத்துணியால் துடைத்தெடுக்க வேண்டும்.

காற்று எங்கிருந்து வருகிறது என்பதே அடுத்த கேள்வி. உலையைக் காலியாக, சுத்தமாக, குளிர்ந்த நிலையில் கடைசி வெற்றிடம் வரை இறக்கி, பம்ப் வால்வை மூடிவிட்டு, அழுத்தம் ஏறுவதைக் கால் மணிக்கு ஒருமுறை குறித்து வாருங்கள். ஏற்றம் நேர்கோடாகத் தொடர்ந்தால் உண்மையான கசிவு. தொடக்கத்தில் ஏறிப் பிறகு தணிந்தால், அது சுவர்களும் காப்புப் பொருளும் வெளிவிடும் ஈரம். ஏற்றம் மணிக்கு 10 மைக்ரானுக்குள் (இங்கே மைக்ரான் என்பது அழுத்த அளவு, பாதரச மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒன்று) இருந்தால் மாலிப்டினம் உலைக்குப் பொதுவாக ஏற்றுக்கொள்கிறார்கள். கசிவென்றால் முதலில் கதவின் ஓ-ரிங், அடுத்து மின்சாரம் உள்ளே நுழையும் இடங்களின் சீல்கள், அதற்கடுத்து ஆர்கான் குழாய் இணைப்புகள் என்ற வரிசையில் பார்த்தால் நேரம் மிச்சமாகும். எண்ணூர்ப் பக்கத்துக் கடற்காற்றில் ஓ-ரிங் அமரும் பள்ளத்திலும் உப்பு படிந்து அரிப்பு வருவதுண்டு. ஓ-ரிங்கை மட்டும் மாற்றிவிட்டு, பள்ளத்தை விரல்நகத்தால் தடவிப் பார்க்காமல் விடக் கூடாது.

ஈரம்தான் நம் ஊருக்கே உரிய தொல்லை. சென்னையில் ஆண்டின் பல மாதங்களில் காற்றின் பனிநிலை (அதன் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை) 24, 25 டிகிரியை ஒட்டி இருக்கிறது. தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லரிலிருந்து 18 டிகிரித் தண்ணீர், உலையைச் சுற்றிய ஜாக்கெட்டில் ஓடிக்கொண்டிருக்கும்போது கதவைத் திறந்து வைத்தால், உலையின் உட்சுவர் வியர்த்துவிடும். கையால் தடவினால்தான் தெரியும் அளவுக்கு மெல்லிய படலம் அது. ஆனால் அடுத்த ஓட்டத்தில் அத்தனையும் நீராவியாகி எலிமென்டைத் தேடிப் போகும். சூடான டங்ஸ்டன் நீராவியின் ஆக்சிஜனைப் பிடித்துக்கொண்டு ஆக்சைடாகப் பறக்கிறது. குளிர்ந்த சுவரில் அந்த ஆக்சைடை, விடுபட்ட ஹைட்ரஜன் மீண்டும் உலோகமாக்கிவிட்டுத் தான் நீராவியாகத் திரும்புகிறது. அதே சிறிதளவு ஈரம் இப்படிச் சுற்றிச் சுற்றி உலோகத்தைச் சுமந்து செல்வதால், கசிவுச் சோதனையில் குறையே தெரியாத உலையிலும் எலிமென்ட் மெலிந்து, சுவரில் கரும்படிவு உண்டாகும். பல்புக்குள் கண்ணாடி கறுப்பதற்கும் இதே சுழற்சி ஒரு காரணம். எனவே கதவைத் திறப்பதற்கு முன் சில்லரை நிறுத்தி, ஜாக்கெட்டின் தண்ணீர் 30 டிகிரிக்கு வந்த பிறகு திறக்க வேண்டும். ஜாப்பை ஏற்றியதும் உடனே மூடி வெற்றிடத்துக்குக் கொண்டுபோக வேண்டும். மதிய உணவு நேரத்தில் கதவு திறந்து கிடக்கும் பழக்கத்தை நிறுத்தினாலே பாதிப் பிரச்சினை தீர்ந்த பட்டறைகள் உண்டு.

அறிகுறி: குறைந்த சூட்டிலேயே ஓட்டை விழுந்திருக்கிறது

ஷீல்டிலோ ரெயிலிலோ ஓரம் மழுங்கி, வெள்ளி போல் வழவழப்பாக உருகிய வட்டம் தெரிந்தால், அங்கே ஏதோ ஓர் அந்நிய உலோகம் சொட்டியிருக்கிறது. நிக்கலும் மாலிப்டினமும் சேர்ந்தால் சுமார் 1310 டிகிரியிலேயே உருகும் கலவை உண்டாகிறது. நிக்கலின் தனி உருகுநிலையைவிட அது 140 டிகிரிக்கு மேல் குறைவு. போரான், சிலிக்கான் கலந்த நிக்கல் பிரேசிங் பேஸ்ட் என்றால் இன்னும் கீழே, பிரேசிங் நடக்கும் சூட்டிலேயே அது மாலிப்டினத்தை அரிக்கத் தொடங்கிவிடும். டங்ஸ்டன் கம்பியில் சிறிதளவு நிக்கல் பட்டால் ஓட்டை விழாது. ஆனால் மணி எல்லைகளில் பரவி, இயல்பான சூட்டுக்கு வெகு கீழேயே அதை மறுபடிகமாக்கி நொறுங்க வைக்கும்.

பேஸ்ட்டை அளவாகப் போடுவதும், ஜாப்புக்கும் ரெயிலுக்கும் இடையே அலுமினா தகடோ குச்சியோ வைப்பதும்தான் பரிகாரம். கிராஃபைட் ஃபிக்ஸரை மாலிப்டினத்தின் மேல் நேரடியாக வைத்தால், 1100 டிகிரிக்கு மேல் தொடும் இடத்தில் கார்பைடு படலம் வளர்ந்து, அந்த இடம் கடினமாகி வெடிக்கும். அங்கும் அலுமினாவே இடைப்பொருள்.

அறிகுறி: டான்டலம் அல்லது நியோபியம் தகடு நிறம் மாறாமலே நொறுங்குகிறது

இவை இரண்டும் மற்ற இரண்டிலிருந்து வேறு குணம் கொண்டவை. புது டான்டலத் தகட்டை அறை வெப்பநிலையில் கையாலேயே மடிக்கலாம், மறுபடிகமானாலும் மடிக்கலாம். ஆனால் ஆக்சிஜன், நைட்ரஜன், ஹைட்ரஜன் மூன்றையும் இவை உறிஞ்சிக்கொள்ளும். மாலிப்டினத்துக்குத் தீங்கு செய்யாத ஹைட்ரஜன் உலைக்குள் டான்டலத்தை வைத்தால், அது ஆறும்போது ஹைட்ரஜனை உறிஞ்சிப் பிஸ்கட்டாகிவிடும். வெற்றிட உலையை விரைவாக ஆற்றுவதற்கு நைட்ரஜனை நிரப்புவது வழக்கம். உள்ளே டான்டலமோ நியோபியமோ இருந்தால் ஆர்கான் மட்டுமே சரிப்படும்.

ஒவ்வொரு ஓட்டத்திலும் ஓரமாக ஒரு சிறு டான்டலப் பட்டையை வைத்து, பிறகு அதை மடித்துப் பாருங்கள். மடிந்தால் சரி, விரிசல் விட்டால் வாயு புகுந்திருக்கிறது. ஹைட்ரஜன் மட்டும் என்றால் உயர் வெற்றிடத்தில் 800 டிகிரிக்கு மேல் வைத்து வெளியேற்றிவிடலாம். ஆக்சிஜனும் நைட்ரஜனும் 2000 டிகிரிக்கு மேற்பட்ட சூட்டில்தான் வெளியேறும் என்பதால், சாதாரண உலை வைத்திருப்பவர்கள் அந்தத் தகட்டைக் கைகழுவிவிட வேண்டியதுதான்.

அறிகுறி: போல்ட் துளைகளில் விரிசல், அல்லது பட்டை அலையலையாக நெளிவு

விரிவதற்கு இடம் விடவில்லை. ஒரு மீட்டர் மாலிப்டினப் பட்டை 1200 டிகிரிக்குப் போனால் ஆறு முதல் ஏழு மில்லிமீட்டர் வரை நீளும். ஒரு முனையை இறுக்கி, மறுமுனைத் துளையை நீள்துளையாக வெட்டி, வாஷர் நகரும்படி விட வேண்டும். துளையை ட்ரில் செய்தபின் ஓரப் பிசிறை எடுத்துவிடுவது, நொறுங்கும் உலோகத்தில் அலங்காரத்துக்காக அல்ல; விரிசல் அங்கிருந்துதான் கிளம்பும்.

அறிகுறி: டிக் வெல்டிங் ஊசி கறுக்கிறது, பிளக்கிறது, முனை உருண்டு சொட்டுகிறது

வெற்றிட உலையைக் கண்ணால் பார்க்காதவர்களுக்கும் காசிமேடு முதல் மணலி வரை டங்ஸ்டன் என்றால், வெல்டிங் மின்வில்லை உண்டாக்கும் இந்த ஊசிதான். வெல்டிங் முடிந்ததும் நீலமாகவோ கறுப்பாகவோ மாறினால், ஆறும் வரை ஆர்கான் பாயவில்லை; பத்து ஆம்பியருக்கு ஒரு நொடி, குறைந்தது எட்டுப் பத்து நொடி என்று பின்பாய்ச்சலை வைக்க வேண்டும். நீளவாக்கில் பிளந்தால், ஊசியைக் கட்டிங் பிளேயரால் ஒடித்திருப்பார்கள் அல்லது கிரைண்டரில் சூடேற்றித் தண்ணீரில் முக்கியிருப்பார்கள். முனை உருண்டால் மின்னோட்டம் ஊசியின் விட்டத்துக்கு அதிகம், இல்லையேல் துருவம் மாறியிருக்கிறது. சிவப்பு முனை ஊசியில் கதிரியக்கமுள்ள தோரியம் இருப்பதால், அதன் தூளை மூச்சில் இழுக்காமலிருக்க தூசி உறிஞ்சும் கருவி பொருத்திய கிரைண்டர் வேண்டும். லாந்தனம் கலந்த பொன்னிற அல்லது நீல முனை ஊசிக்கு மாறிவிடுவது அதைவிட எளிது.

அறிகுறி: ஓட்டத்தின் நடுவே மின்சாரம் போய்விட்டது

புயல் காலத்தில் இதற்கு முன்கூட்டியே வழி செய்துவைக்க வேண்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வடசென்னையின் சில பகுதிகளில் மின்சாரம் நாட்கணக்கில் வரவில்லை. முதலில் உயர் வெற்றிட வால்வு மூடியிருக்கிறதா என்று பாருங்கள், பம்ப் எண்ணெய் உள்ளே திரும்பினால் கார்பன் மாசு வேறு சேரும். மேல்நிலைத் தொட்டியிலிருந்து ஜாக்கெட்டுக்குத் தண்ணீர் தானாக இறங்கும்படி இணைப்பு இருந்தால் திறந்துவிடுங்கள். தண்ணீர் இல்லாதபோது ஆர்கானை நிரப்பக் கூடாது, ஏனென்றால் வாயு சூட்டைச் சுவருக்குக் கொண்டுபோய் ஓ-ரிங்கைக் கருக்கிவிடும். வெற்றிடத்திலேயே ஆற விடுவதுதான் பத்திரம். உள்ளே 150 டிகிரிக்குக் கீழ் வராமல் கதவைத் திறக்க வேண்டாம்.

உலை நாட்கணக்கில் நின்று ஈரம் குடித்திருந்தால், மறு ஓட்டத்தைக் காலி உலையோடு தொடங்கி, 250 டிகிரியில் வெற்றிடம் நிலைப்படும் வரை நிறுத்தி வைத்து, அதன் பிறகே சூட்டை ஏற்ற வேண்டும். அறை வெப்பநிலையில் மாலிப்டினம் எலிமென்டின் மின்தடை 1500 டிகிரியில் இருப்பதில் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கே என்பதால், ட்ரான்ஸ்ஃபார்மரைக் கீழ்மட்ட டேப்பில் (குறைந்த மின்னழுத்தம் தரும் இணைப்பில்) வைத்து மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தியே தொடங்க வேண்டும். இல்லையேல் திடீரெனப் பாயும் மின்னோட்டம், ஏற்கெனவே மறுபடிகமாகி நொறுங்கும் நிலையில் இருக்கும் பட்டைகளை ஆட்டி, இணைப்பு போல்ட்டுகளுக்கு அருகிலேயே முறித்துவிடும்.